கடையில் பியர் விற்கலாம் என்று சுற்றும் மெசேஜ் பொய்

"மாநகர சபை வியாபார உரிமம் இருந்தால் போதும், கிராம சேவகரிடம் ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் பலசரக்குக் கடையிலேயே பியர் விற்கலாம்" என்று ஒரு வாட்ஸப் மெசேஜ் சுற்றுகிறது. வெள்ளவத்தையில் எங்கள் தெருக் கடை அண்ணா அரிசி மூட்டையில் சாய்ந்தபடி அதைக் காட்டி, "பிரிட்ஜில் இடம் ஒதுக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் அண்ணா.

இலங்கையில் மது விற்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும், பியருக்கும் அதே கதைதான், மாநகர சபை உரிமம் அதற்கு ஈடாகாது. பள்ளிக்கூடம், கோயில் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதையும் பார்ப்பார்கள். பத்திரம் கிடைத்தாலும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், போயா (பௌர்ணமி) தினத்தில் பூட்ட வேண்டும், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. சுப்பர் மார்க்கெட்டில் விற்கிறார்களே என்றால், அவர்களும் பத்திரம் எடுத்துத்தான் விற்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் மதுவரித் திணைக்கள இணையத்தளத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தில் நேரே கேளுங்கள். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சரி, அந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருந்தால் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம், அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.