நிதியுதவி கேட்டால் சீட் கிடைக்காதா?

"அமெரிக்க போர்டிங் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது நிதியுதவி கேட்காதீர்கள், கேட்டாலே நிராகரித்துவிடுவார்கள். முதலில் சீட் வாங்குங்கள், உதவியை அப்புறம் கேட்கலாம்" என்று பெற்றோர் வாட்ஸப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. அதை நம்பி நடந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மாசசூசெட்ஸில் உள்ள பிலிப்ஸ் அகாடமி (ஆண்டோவர்) 2007 முதலே குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காமல்தான் மாணவர்களைத் தேர்வு செய்கிறது. நியூ ஹாம்ப்ஷயரின் பிலிப்ஸ் எக்ஸெட்டர் 2021-இல் அதே முறைக்கு வந்தது. இரண்டிலும் தருவது திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அல்ல, மானியம்.

எல்லாப் பள்ளியும் இப்படி இல்லை என்பதும் உண்மை. உதவிக்கான பணம் குறைவாக உள்ள பல பள்ளிகளில், கேட்கும் தொகையும் முடிவில் ஓரளவு கணக்கில் வரும். ஆனால் உதவி கேட்ட ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைப் பொதுவாகத் தூக்கி எறிவதில்லை.

"அப்புறம் கேட்கலாம்" என்பதுதான் இதில் மிக ஆபத்தான வரி. நிதியுதவிப் படிவத்துக்கான கடைசி நாள் பொதுவாக ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். மார்ச்சில் அட்மிஷன் முடிவு வரும்போது பெரும்பாலும் பணம் பங்கிடப்பட்டிருக்கும். பிறகு கேட்டால், சீட் கையில் இருந்தும் முழுக் கட்டணத்தைக் கட்ட வேண்டிவரலாம்.

பெரும்பாலான பள்ளிகளின் இணையதளத்தில் நிதியுதவிக்கென்று தனிப் பக்கம் உண்டு. விதியையும் தேதியையும் அங்கேயே பாருங்கள், சந்தேகம் இருந்தால் அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அந்த வாட்ஸப் தகவலை இனி யாருக்கும் பார்வர்டு செய்ய வேண்டாம்.