வெள்ளிக்கிழமை மூட்டை

(பாளையங்கோட்டையில் ஒரு வேப்பமரத்தடி. இஸ்திரி வண்டிக்காரர் முருகேசன் பெட்டியின் வாயைத் திறந்து, சிரட்டைக்கரியை அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறார். ஞானஸ்நானம் பெற்று நாலு மாதம் ஆகிறது. தபால் ஆபீசில் ஓய்வுபெற்ற தனராஜ் கையில் ஒற்றைச் சட்டையோடு வருகிறார். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் இவர் பொறுப்பு. ஒரு சட்டைக்காக இந்த வெயிலில் நடக்கிற ஆளில்லை.)

தனராஜ்: ஸ்தோத்திரம் தம்பி!

முருகேசன்: வணக்கம் அண்ணாச்சி... இல்லை இல்லை, ஸ்தோத்திரம்!

தனராஜ்: மூன்று வெள்ளியாக ஆளையே காணோமே. உடம்புக்கு ஏதும் உண்டா?

முருகேசன்: உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. நாக்குதான் சுளுக்கு. முதல் நாளே மத்தேயு முதல் அதிகாரத்தை, இயேசுவின் முன்னோர் பேர்ப்பட்டியலை, வாசிக்கச்சொல்லி என் தலையில் கட்டினீர்களே! சாலொமோன் வரைக்கும் எப்படியோ உருட்டிவிட்டேன். சொரொபாபேல் வந்தார், ஆளைச் சாய்த்துவிட்டார்.

தனராஜ்: நான் நாற்பது வருஷமாக அந்த இடத்தில் இருமித்தான் தாண்டுகிறேன். வெளியே சொல்லாதே.

முருகேசன்: அப்புறம், ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான் என்று வாசித்தேனா, "சுமந்தவள் பேரைக் காணோமே"என்று என் வீட்டுக்காரி காதைக் கடித்தாள்.

தனராஜ்: கொஞ்சம் பொறுத்திருந்தால் தாமார், ராகாப், ரூத் எல்லாரும் வரிசையாக வருவார்களே.

முருகேசன்: ஈசாக்கைச் சுமந்த சாராள் வருவாளா?

தனராஜ்: (தொண்டையைச் செருமி) அது... அடுத்த வாரம் பார்ப்போம். வேறென்ன குறை?

முருகேசன்: கண்ணை மூடச் சொல்கிறீர்கள் அண்ணாச்சி. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து நின்றே வேலை பார்க்கிறவனை உட்காரவைத்து, காற்றாடியும் போட்டு, கண்ணையும் மூடச் சொன்னால் என்ன ஆகும்? நான் விட்ட குறட்டையை ஆவியில் பேசும் அந்நியபாஷை என்று நினைத்துப் பக்கத்து அம்மா "அல்லேலூயா" சொல்லிவிட்டார்.

தனராஜ்: தூங்குவது நம் கூட்டத்தில் மட்டுமா? வேதத்திலேயே இருக்கிறது, துரோவா என்ற ஊரில் அப்போஸ்தலர் பவுல் நடுராத்திரிவரை பேசினார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிவழிந்து மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான்.

முருகேசன்: ஐயோ! பிழைத்தானா?

தனராஜ்: செத்தான் என்றே எடுத்தார்கள். பவுல் இறங்கிப்போய் அணைத்துக்கொண்டார், பிழைத்தான்.

முருகேசன்: அதோடு பேச்சை முடித்தாரா?

தனராஜ்: (தயங்கி) மேலே ஏறிப்போய் விடியவிடியப் பேசினார்.

முருகேசன்: அப்போ நம் கூட்டம் வேதத்தின்படிதான் நடக்கிறது. அதை விடுங்கள். வண்டிக்காக வட்டிக்கு வாங்கிய எட்டாயிரத்தை ஜெபக்குறிப்பாகச் சொன்னேன் இல்லையா? மறுநாள் காலையில் மளிகைக்கடைக்காரர், "உனக்காக ஜெபிக்கிறேன் முருகேசா"என்கிறார். சொல்லிக்கொண்டே என் பாக்கி நோட்டைத் திறக்கிறார்.

தனராஜ்: (தலையைச் சொறிந்து) அது தப்புதான். ஆனால் ஒன்று கேள், இப்படிச் சின்னக் குழுவாகக் கூடும் வழக்கம் பிறந்ததே கடனில்தான். 1742, இங்கிலாந்தில் பிரிஸ்டல். ஜெபவீடு கட்டிய கடன் கழுத்தை நெரிக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சபையார் கூடி யோசித்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னிக் காசு என்றார் ஃபாய் என்ற கேப்டன். இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்டார்கள். "இருப்பதிலேயே ஏழைகள் 11 பேரை என் பொறுப்பில் விடுங்கள். வாராவாரம் போய்ப் பார்க்கிறேன், முடியாதவனுக்கு நான் போடுகிறேன்"என்றார் அவர்.

முருகேசன்: வசூலுக்குப் போனாரா, ஜெபத்துக்குப் போனாரா?

தனராஜ்: வசூலுக்குத்தான். இப்படிப் போனவர்கள் கண்ணில் பட்டது என்ன? ஒருவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான், இன்னொருவன் குடித்துவிட்டுக் கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தால் இதெல்லாம் தெரியுமா? அப்புறம் ஆளை விசாரிப்பதுதான் பெரிய வேலையாகிவிட்டது.

முருகேசன்: முடியாதவனுக்கு அவரே போடுவேன் என்றாராக்கும்?

தனராஜ்: ஆமாம்.

முருகேசன்: (வண்டிக்கு அடியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டை எடுத்து) எனக்குப் போட வேண்டாம். உங்களுக்கு நீங்களே போடுங்கள். 23 சட்டை, 4 வேட்டி பாக்கி.

(தனராஜ் பையைத் தடவுகிறார். மூக்குக்கண்ணாடிக் கூடுதான் கையில் வருகிறது.)

தனராஜ்: பென்ஷன் வரட்டும். சரி, நீ வராததற்கு இவ்வளவு காரணமா!

முருகேசன்: இதெல்லாம் பேச்சுக்குச் சொன்னது. காரணம் இதோ கிடக்கிறது. (மூட்டையை அவிழ்க்கிறார்.) ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளைவெளேர் என்று போகணும் என்று மொத்தச் சபையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வண்டியில் துணியைப் போட்டுவிட்டு, நேரே ஜெபக்கூட்டத்துக்குப் போகிறது. அங்கே உட்கார்ந்து, "முருகேசன் பின்வாங்கிப்போனானே ஆண்டவரே"என்று உருகுகிறது.

தனராஜ்: (புரட்டிப்பார்த்து) இது பாட்டுக்குழுச் சேலை... இது பொருளாளர் சட்டை... இது... என் வேட்டி.

முருகேசன்: கணக்கில் 5 வேட்டி என்று திருத்திக்கொள்கிறேன்.

தனராஜ்: அடுத்த வாரத்திலிருந்து கூட்டத்தைச் செவ்வாய்க்கு மாற்றுவோம். இந்த மரத்தடியிலேயே வைத்துக்கொள்வோம். கூட்டம் சின்னதானால் என்ன? 1780-இல் இந்த ஊர்ச் சபைப் பதிவேட்டில் மொத்தமே 40 பேர்தான். குளோரிந்தா அம்மாள், பாப்பாத்தி கோயில் கட்டினார்களே, அவர்கள்தான் அதில் முக்கியமானவர்.

முருகேசன்: அந்த 40 பேருக்கும் யார் இஸ்திரி போட்டது?

தனராஜ்: உன்னிடம் பேசி ஜெயிக்க முடியாது. இன்றைக்கு ஏழு மணிக்குள் இந்த மூட்டையை முடித்துவிட்டுச் சேர்ந்தே போவோம். நான் என்ன செய்ய?

முருகேசன்: வாசிப்பது யார்?

தனராஜ்: நான்.

முருகேசன்: அப்போ சரி. பொருளாளர் சட்டையை விரித்து லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஜெபம் மட்டும் சின்னதாக இருக்கட்டும்.

(தனராஜ் மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலைக் கவிழ்க்கிறார். மூடி கழன்று விழுகிறது. சட்டை மிதக்கிறது.)

முருகேசன்: அண்ணாச்சி! நாம் தெளிப்பு ஞானஸ்நானக்காரர்கள் என்றல்லவா சொன்னீர்கள்? இப்படி முழுக்குகிறீர்களே!