உருளைக்கிழங்கு நீலமான கதை

கடையில் விற்கும் அயோடின் உப்பு நஞ்சு என்று பேசிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை உங்களில் பெரும்பாலோர் இதற்குள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு அனுப்பிவைக்க நம் தெருவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதில் மூன்றாவது வரிசையில் எழுந்து, "ஐயா, ஒரு நிமிடம்" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடும் நரைத்த தலை என்னுடையதுதான். என்னை உட்காரவைத்தது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உருளைக்கிழங்கைப் பேசி முடிப்போம், அடுத்து நீங்கள் எனக்கு எழுதிக் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

மேடையில் பேசிய அன்பர் ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியில் கடையில் விற்கும் பாக்கெட் உப்பைத் தூவினார்; மறு பாதியில் துணிப்பையில் தாமே கொண்டுவந்திருந்த கல் உப்பைத் தூவினார். இரண்டின் மேலும் எலுமிச்சம்பழம் பிழிந்தார். பாக்கெட் உப்புப் பட்ட பாதி நீலமாக மாறியது. "இந்த நஞ்சைத்தான் நாற்பது வருடமாக உங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறீர்கள்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். மாவுப்பொருளோடு அயோடின் சேர்ந்தால் நீல நிறம் வரும் என்பதைச் சோதனைக் குழாயில் செய்துகாட்டாத ஆண்டே கிடையாது. நம் ஊர் உப்பில் அயோடின், பொட்டாசியம் அயோடேட் என்ற வடிவில் கலக்கப்படுகிறது. எலுமிச்சைச் சாறு அதிலிருந்து அயோடினை வெளிக்கொண்டுவருகிறது, அந்த அயோடின் உருளைக்கிழங்கின் மாவுப்பொருளைச் சந்தித்து நீலமாகிறது. இதில் இன்னும் வேடிக்கை என்னவென்றால், வாங்கிய உப்பில் அயோடின் உண்மையிலேயே இருக்கிறதா என்று வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்வதற்காக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் மக்களுக்குச் சொல்லியிருக்கும் சோதனையே இதுதான். உப்பு நல்ல உப்பு என்று காட்டுவதற்காக அரசு வைத்த சோதனையைச் செய்துகாட்டி, உப்பு நஞ்சு என்று ஒருவர் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறார். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவந்ததும், "பாருங்கள், ஆரத்தித் தட்டில் ரத்தம்" என்று கூச்சல் போடுவதற்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை.

இதைச் சொல்லத்தான் எழுந்தேன். நீலம் வந்தால் அயோடின் இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டேன்.

"தூத்துக்குடியில் பிறந்துவிட்டு இப்படிப் பேசலாமா, கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கிறதே" என்று நேற்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தூத்துக்குடியில் பிறந்ததால்தான் பேசுகிறேன். கடல்நீரில் அயோடின் இருப்பது உண்மை. ஆனால் பாத்தியில் உப்பு விளையும்போது அந்த அயோடினில் பெரும்பகுதி உப்போடு சேர்வதில்லை, உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. கணக்காகவே சொல்கிறேன். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். சட்டப்படி நம் கைக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அப்படியானால் 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். எதுவும் சேர்க்காத கடல் உப்பிலோ ஒரு கிலோவுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம் தேறினாலே பெரிது. ஒரு நாள் தேவைக்கு அதை எத்தனை கைப்பிடி தின்ன வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். எழுபது ஆண்டு வாழ்கிற ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் வேண்டிய அயோடினைக் கூட்டினால் நான்கு கிராம்கூட வராது. அந்த நான்கு கிராமைத் தினம் தினம் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். ஏழை பணக்காரர் எல்லோர் வீட்டுக்கும் நாள் தவறாமல் போகும் ஒரே பண்டம் உப்பு என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கல் உப்புக்கு நான் எதிரி என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். புது வீட்டுக்குள் முதலில் கல் உப்பைத்தான் எடுத்துவைத்தேன்; விளக்கு வைத்த பிறகு இன்றுவரை யாருக்கும் உப்பைக் கடனாகக் கொடுத்ததில்லை. அயோடின் சேர்த்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது. கல்லா தூளா என்பது வழக்கே இல்லை. அயோடின் இருக்கிறதா என்பதுதான் வழக்கு.

"என் தாத்தா பாட்டி எல்லாம் அயோடின் உப்பா தின்றார்கள், அவர்களுக்கு என்ன வந்தது, கழுத்தில் கழலையோடு யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா" என்பது அடுத்த கேள்வி. பார்த்திருக்கிறேன். அயோடின் குறைந்தால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்குவதுதான் இந்தக் கழலை. 1988இல் என் கணவரின் வேலை காரணமாக இமாசலப் பிரதேசத்தில், காங்ரா பள்ளத்தாக்கின் பாலம்பூரில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தோம். வீட்டை வாடகைக்கு விட்டவரின் தாயாருக்குக் கழுத்தில் ஒரு சிறு தேங்காய் அளவுக்குக் கழலை. கோடையிலும் சால்வையால் கழுத்தைச் சுற்றிக்கொண்டுதான் முற்றத்துக்கு வருவார். அவருடைய வயதொத்த பெண்கள் பலருக்கும் அங்கே அப்படித்தான் இருந்தது. அவர்களுடைய மருமகள்களுக்கு இல்லை. மண் அதே மண், தண்ணீர் அதே தண்ணீர், உப்பு மட்டும்தான் மாறியிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில்தான் 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் தங்கள் ஆய்வைத் தொடங்கினார்கள் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அந்த இரண்டு பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. பிறகு மூன்றாவதற்கும் அயோடின் உப்பைக் கொடுத்தபோது அங்கும் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்ததற்கு அதுதான் அடித்தளம். சுவிட்சர்லாந்து 1922லேயே இதைத் தொடங்கிவிட்டது. ஆல்ப்ஸ் மலைக்காரர்களை ஏமாற்ற அப்போது எந்த இந்திய உப்புக் கம்பெனியும் அங்கே போகவில்லை என்று நம்புகிறேன்.

மலைநாட்டு நோய் நமக்கெதற்கு என்கிறவர்களுக்கு ஒன்று: மழையும் வெள்ளமும் மண்ணிலிருந்து அயோடினைக் கரைத்துக்கொண்டு போவது மலையில் மட்டும் நடப்பதல்ல. அயோடின் குறைபாடு இல்லாத மாநிலம் என்று இந்த நாட்டில் ஒன்றும் இல்லை என்பதை மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது. கழலை கண்ணுக்குத் தெரிகிற பகுதி, அதுவே சிறிய பகுதி. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தைராய்டு சுரப்பி முழுதாக வேலைசெய்யத் தொடங்கும்வரை அதன் மூளை வளர்வது தாயின் தைராய்டு சுரக்கும் தைராக்சினை நம்பித்தான். அந்தத் தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நான்கு அயோடின் அணுக்கள் வேண்டும். தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி குன்றும். பிறந்தபின் எதைக் கொடுத்தாலும் அந்தக் குறை முழுதாகச் சரியாவதில்லை. இந்த ஒரு வரியை யாரும் பகிர்வதில்லை. உருளைக்கிழங்குதான் ஊர் ஊராகப் போகிறது.

பாக்கெட் உப்பில் சயனைடு இருக்கிறது என்று எழுதியவர்களுக்கு ஒரே வரி: உப்புக் கட்டிப்போகாமலிருக்கச் சேர்க்கும் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, அனுமதிக்கப்பட்ட அளவோ கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான். பெயரைக் கேட்டுப் பயந்தால் சமையல் உப்பின் சோடியத்துக்கும் குளோரினுக்கும் தனித்தனியாகப் பயப்பட வேண்டியிருக்கும்.

"உச்ச நீதிமன்றமே இந்தத் தடையைச் செல்லாது என்று சொல்லிவிட்டதே" என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் கேட்டிருந்தார். பாதியைச் சொல்லியிருக்கிறார். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கான தடை 1998இல் வந்தது, 2000இல் விலக்கப்பட்டது, 2006இல் மீண்டும் வந்தது. 2011இல் நீதிமன்றம் சொன்னது, உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் அப்படியொரு விதியைச் செய்ய அரசுக்கு அதிகாரம் இல்லை என்பதுதான். அயோடின் தீங்கு என்று சொல்லவில்லை. விதியை உடனே தூக்கி எறியாமல் ஆறு மாதம் நீடிக்கவிட்டு, அதற்குள் அரசு உரிய வழியைத் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டது. புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் அந்தத் தடை இன்றும் இருக்கிறது.

இப்போது என் மாத்திரைக்கு வருகிறேன்.

நான் எழுந்து நின்றபோது, "டீச்சர், உட்காருங்க, நீங்களே தினமும் தைராய்டு மாத்திரை போடுறவங்கதானே" என்ற குரல் காணொளியில் தெளிவாகக் கேட்கிறது. மேடையிலிருந்தவர் அதைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தீர்களா, அயோடின் உப்புக்காக வாதாட வந்தவரின் கதையை" என்றார். அரங்கம் சிரித்தது. அந்தக் குரல் யாருடையது என்று உங்களில் பலர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறீர்கள். என் சொந்த அக்காவுடையது.

பதினோரு ஆண்டுகளாக விடியற்காலையில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போடுகிறேன். எனக்கு வந்திருப்பது ஹாஷிமோட்டோ நோய். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிற நோய். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ இதை எழுதிவைத்தது 1912இல், அதாவது சுவிட்சர்லாந்து உப்பில் அயோடினைக் கலப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு. ஜப்பானியர்கள் கடற்பாசி தின்பவர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே அயோடின் அதிகம் என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும். அயோடின் அளவுக்கு மிஞ்சினாலும் இந்த வகை நோய் கூடலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அமுதமும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு என்று சொன்ன ஊர்தானே நம்முடையது. அதற்காக யாரும் அமுதத்தைக் கொட்டிவிடச் சொல்லவில்லை.

இத்தனை பதில்களில் எனக்கு உண்மையிலேயே உறைத்த எதிர்ப்பு ஒன்றே ஒன்று: "இந்தச் சட்டத்தால் சிறு உற்பத்தியாளர் அழிந்தார், பெரிய கம்பெனிக்காரன் வாழ்ந்தான், வேதாரண்யத்தில் 1930இல் ராஜாஜி உப்பள்ளியது இதற்குத்தானா?" இதற்கு என்னிடம் எடுப்பான பதில் இல்லை. கலக்கும் இயந்திரமும் பரிசோதனையும் சீல் வைத்த பாக்கெட்டும் சின்ன உப்பளக்காரருக்குச் சுமைதான். ஆனால் அதற்கு வழி அவருக்கு இயந்திரம் கொடுப்பது. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனம், ஓர் அரசு நிறுவனம், இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பையே தயாரிக்கிறது. இதைச் செய்யப் பெரிய முதலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உப்பளத்துக்காரர்கள் மேல் திடீரென்று இவ்வளவு பரிவு பொங்குகிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் அப்பா உப்பளத்தில் வாருபலகை பிடித்தவர். அம்மா தலைச்சுமையாக உப்பைக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டியவர். வெயிலில் வெள்ளைப் பாத்தியைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் கண் மங்கிவிட்டது. அம்மாவின் பாதத்து வெடிப்பு ஆறி நான் பார்த்ததில்லை. இரவில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு, காலைச் சுவரில் சாய்த்துத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூங்குவார். மழை தொடங்கிவிட்டால் வேலை இல்லை, கூலி இல்லை. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் வீட்டில் கடன் வாங்காத வருடம் எனக்கு நினைவில்லை. அந்தக் கூட்டத்தில் பேசியவர் வாசலில் கடை போட்டு அதே கல் உப்பைக் கிலோ நூற்றெண்பது ரூபாய்க்கு விற்றார். அதில் எத்தனை ரூபாய் பாத்தியில் நிற்கிறவருக்குப் போகிறது என்று யாராவது ஒருவர் கேட்டீர்களா? "மரபு உப்பு" என்று பையில் அச்சடித்திருந்தது. எந்த மரபு? அந்த மரபு என் அம்மாவின் காலில் இருந்தது.

நான் கம்பெனிக்காரனின் கைக்கூலி என்று எழுதியவர்களே, எனக்கு வரும் கூலி மாதா மாதம் ஓய்வூதியமாக வருகிறது. அதில்தான் அந்த மாத்திரையும் வாங்குகிறேன்.

அக்கா அதே அம்மாவின் மகள்தான். அதே கால்களைப் பார்த்து வளர்ந்தவள்தான். அந்த நூற்றெண்பது ரூபாய் உப்பை இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாளே சமையலறையில் இருந்த பாக்கெட் உப்பையெல்லாம் கழிவறை கழுவ எடுத்துவைத்துவிட்டதாகக் கேள்வி. அவளுடைய மருமகள் இப்போது மூன்றாம் மாதம். கருவுற்ற பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அயோடின் அளவு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம். குடும்ப விவகாரத்தைப் பொதுவில் எழுதலாமா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: என் மாத்திரை பொதுவுக்கு வந்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

நேற்று மாலை ஒரு கிலோ அயோடின் உப்பும் இரண்டு உருளைக்கிழங்கும் ஓர் எலுமிச்சம்பழமும் பையில் போட்டு, விளக்கு வைப்பதற்கு முன்பாகவே கொடுத்துவிட்டு வரும்படி என் மகனை அனுப்பினேன். உருளைக்கிழங்கையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு, உப்பை மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.