க்கும் சந்து

போன வாரம் எங்கள் தெருவில் பழைய சாமான் வாங்கும் குட்டியானை வண்டி ஒன்று வந்தது. தலைமேல் குழாய் ஸ்பீக்கர். "பழைய இரும்பு, பேப்பர், பேட்டரி, ஓடாத ஃபிரிட்ஜ், ஓடாத வாஷிங்மெஷின்" என்று பென்டிரைவில் பதிந்து வைத்த பெண்குரல் மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டே போனது. எதிர்வீட்டு அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏப்பா, பேரீச்சம்பழம் குடுப்பியா?" என்று கேட்டார். குரல் வாஷிங்மெஷினில் இருந்தது. மறுபடி கேட்டார். குரல் திரும்ப இரும்பிலிருந்து ஆரம்பித்தது. ஓட்டுகிற பையன் காதில் வேறு பாட்டு. "இவன் காதுல என்ன, ஈயத்தைக் காய்ச்சியா ஊத்தியிருக்கு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

எனக்கும் இந்தக் காலத்து விளம்பரங்கள் மேல் உள்ள வருத்தம் அதுதான். தொல்லை என்று பார்த்தால் எங்கள் காலத்திலும் காது கிழியத்தான் கத்தினார்கள். பொய்க்கும் பஞ்சமில்லை, இன்றைக்கு இருப்பதைவிட ஒரு படி கூடவே இருக்கும். ஆனால் கூவுகிற ஆள் எதிரில் நின்றான். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ஊர் சிரிக்கும். சொல்லிவிட்டாலும் ஊர் சிரிக்கும், அது வேறு சிரிப்பு.

சாத்தூருக்குப் பக்கத்தில் கரிசல்காட்டுக் கிராமம் எங்களுடையது. ஊருக்கு வெளியே ஒரு டூரிங் கொட்டகை. படம் மாறினால் மாட்டுவண்டி கிளம்பும். இரண்டு பக்கமும் சாய்த்துக் கட்டிய தட்டியில் போஸ்டர், உள்ளே பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர். அவருக்கு ஊர் வைத்த பெயர் 'இன்றே கடைசி'. அவர் பெற்ற பிள்ளைகளைக்கூட "இன்றே கடைசி மகன்" என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்வோம். அந்த வீட்டில் ஐந்து பிள்ளைகள் என்பதால் அந்தப் பெயரே ஒரு நகைச்சுவைதான். அதுவும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணம் போட்டு எழுதிய சுவருக்கு நேர் எதிரில் வீடு.

ரோஸ், மஞ்சள், பச்சை என்று சாணித்தாள் நோட்டீசை அவர் அள்ளி வீசமாட்டார். ஒவ்வொன்றாக விடுவார். புழுதியில் வண்டிக்குப் பின்னால் ஊர்ப்பிள்ளைகள் மொத்தமும் ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஓடுகிற கூட்டம்தான் பெரிய விளம்பரம் என்பது எந்தப் படிப்பும் இல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரே படத்துக்கு நான்கு நாள் தொடர்ந்து "இன்றே கடைசி, இன்றே கடைசி" என்பார். ஒருநாள் என் அப்பா வண்டியை மறித்துக் கேட்டேவிட்டார்: "நேத்தும் கடைசின்னீரு, முந்தாநாளும் கடைசின்னீரு. எதுய்யா கடைசி?" மைக்கை அணைக்காமலே பதில் வந்தது. "நேத்துச் சொன்னது நேத்தைக்குக் கடைசி மச்சான். பஸ்ல புதுப் படப்பெட்டி வந்து எறங்குனாத்தானே மாத்த முடியும்? பெட்டி வரலைன்னா நான் என்ன, மாட்டையா ஆடவிட முடியும்?" குழாய் வழியாக இந்த விளக்கம் மூன்று தெருவுக்கும் கேட்டது. அன்றைக்குக் கொட்டகையில் நல்ல கூட்டம் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ இவர்தான் டிக்கெட் விற்றுக் கொடுத்தது போல.

அவருக்கு ஒரே ஒரு பலவீனம், டீக்கடைக் கடன். மேலத்தெரு டீக்கடை நெருங்கியதும் மைக் அணைந்துவிடும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தட்டிக்குள் சுருண்டுவிடுவார். மாடு மட்டும் மணியாட்டிக்கொண்டு போகும். அதனால் மேலத்தெருக்காரர்களுக்குப் படம் மாறிய செய்தி எப்போதும் ஒருநாள் தாமதமாகத்தான் போய்ச் சேரும். பார்த்த படத்தையே பார்த்துவிட்டு வந்து கொட்டகைக்காரரோடு சண்டை போட்ட கதையெல்லாம் உண்டு.

1905-ல் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டப் போனார் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றே கடைசியார்தான் ஞாபகத்துக்கு வருவார். சினிமா என்றால் என்னவென்றே தெரியாத சனத்திடம் முதல்நாள் என்ன சொல்லிக் கூட்டியிருப்பார்கள்? "துணியில் ஆள் நடக்கிறான்" என்றால் பேய் ஓட்டுகிற ஆளை அல்லவா கூட்டி வந்திருப்பார்கள்.

வண்டி ஒரு பக்கம், போஸ்டர் ஒட்டுகிறவர் இன்னொரு பக்கம். மைதா மாவைக் காய்ச்சிய பசைவாளி, ஈச்சமட்டையை நசுக்கிச் செய்த பிரஷ், சைக்கிள் கேரியரில் மடித்த போஸ்டர்கள். இவருக்கு எதிரி போட்டிக் கொட்டகைக்காரன் கிடையாது, ஆடுமாடுகள்தான். பசைக்கு ஆசைப்பட்டுக் கதாநாயகனின் தாடை வரைக்கும் தின்றுவிட்டுப் போய்விடும். பசையில் துத்தம் கலந்தார். நான்கு நாள் ஒதுங்கியிருந்த ஆடுகள் ஐந்தாம் நாள் தாளின் ஓரத்தை மட்டும் பக்குவமாகக் கிழித்துத் தின்னக் கற்றுக்கொண்டன.

அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. பழைய போஸ்டர்மேல் புதியதை ஒட்டும்போது கொஞ்சம் மேலே கீழே போய்விடும். ஒருமுறை ஊரில் ஒரு பெரியவர் காலமானார். வாழ்நாள் முழுக்க ஒருநாள்கூடக் கடையைப் பூட்டாத மனிதர். அவருக்கு அடித்த கண்ணீர் அஞ்சலியை இவர் சினிமா போஸ்டர்மேல் ஒட்டினார். பெரியவர் படத்துக்குக் கீழே பழைய போஸ்டரின் கடைசி வரி மட்டும் மூடாமல் தெரிந்தது: 'தினசரி 2 காட்சிகள்'. துக்கத்துக்கு வந்தவர்கள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார்கள், அழுகை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று. இறந்தவரின் தம்பிதான் முதலில் வெடித்தார்: "உசுரோட இருந்தப்பவும் அண்ணன் காலையில ஒரு ஆட்டம், சாயந்திரம் ஒரு ஆட்டம்தான் ஆடும்."

ரேடியோவைச் சொல்லாவிட்டால் என் வயதுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இலங்கை வானொலி எங்கள் ஊரில் திருநெல்வேலி நிலையத்தைவிடத் தெளிவாக எடுக்கும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளை வரிசையாகச் சொல்லி வந்த கோபால் பல்பொடி விளம்பரம்தான் எனக்கு முதல் பூகோளப் பாடம். அந்த நாலு நாடுகளும் பக்கத்துப் பக்கத்தில் நம் மேலத்தெரு, கீழத்தெரு மாதிரி இருப்பதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரோஸ் நிறத்தில் இனிப்பாக இருக்கும் அந்தப் பொடி. பல்லில் தேய்த்ததைவிட நாங்கள் தின்றதுதான் அதிகம். அப்பத்தாவோ கடைசிவரை உப்பும் அடுப்புக்கரியும்தான். அந்த வானொலியின் அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா மூச்சுவிடாமல் பேசும்போது மட்டும் கரி பூசிய வாயோடு திண்ணையில் அப்படியே உட்கார்ந்து கேட்பாள். "யாரு பெத்த புள்ளையோ, மூச்சு முட்டிச் சாகப் போறான்" என்பாள்.

அந்த அப்பத்தாவுக்குச் சமமான ஆள் ஒருவர்தான் வந்தார். கீரிப்பிள்ளையையும் பாம்பையும் வைத்துக்கொண்டு தைலம் விற்றவர். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லித்தான் கூட்டம் சேர்ப்பார். என் சிறுவயது முழுக்க அந்தச் சண்டைக்காகக் காத்திருந்தேன், ஒருநாளும் நடக்கவில்லை. கையைக் கட்டாதே, பாதியில் போனால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டுவார். நாங்கள் கால்மரத்துப்போய் நிற்போம். முட்டுவலி, இடுப்புவலி, பக்கவாதம், தேள்கடி, மலட்டுத்தனம், காதுகுத்தல் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். அப்பத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"இம்புட்டு நோவுக்கும் கேக்கும்ங்கியே, உம் முன்பல்லு ரெண்டு எங்கடா போச்சு?"

அவர் அசரவில்லை. "பல்லுக்கு மருந்து விக்கிறவன் நாளைக்கு வருவான் ஆத்தா. அவன் பொழப்புல நான் மண்ணள்ளிப் போடலாமா?"

அப்பத்தா சிரித்துவிட்டாள். சிரித்ததற்குத் தண்டனையாக ஒரு பாட்டில் வாங்கினாள். அது வெறும் தேங்காயெண்ணெயும் பச்சைக்கற்பூரமும்தான் என்று மோந்து பார்த்தே சொன்னாள். பிறகு அந்தப் பாட்டில் காலியாகும்வரை விளக்கேற்றினாள். அடுத்த தடவை அந்த ஆள் வந்தபோது, விளக்கு நல்லா எரிஞ்சதுடா என்று கூட்டத்தின் நடுவில் சொல்லி ஒரு பாட்டிலும் விற்கவிடாமல் அனுப்பினாள்.

'வாலிப, வயோதிக அன்பர்களே' என்று தொடங்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீசைப் பற்றி எழுத ஆசைதான். அதை யாரும் கை நீட்டி வாங்கிப் பார்த்ததில்லை, ஆனால் எந்த மாதம் எந்தத் தேதி எந்த ஊர் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். இதற்குமேல் வேண்டாம், என் மாமனாரும் முகநூலில் இருக்கிறார்.

ஒரு விஷயத்தை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. ஊரில் தமுக்கு அடித்தவர். "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று தொடங்கி, கந்தாயம் என்கிற நிலவரி கட்டாதவர்களின் சாமான் ஜப்தி ஆகும் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் வார்த்தை தடுமாறும். பிள்ளைகள் பின்னால் போய் அதே மாதிரிச் சொல்லிக் கேலி செய்வோம். நானும் செய்திருக்கிறேன். அவர் அந்த வேலையைத் தேர்ந்தெடுக்கவில்லை, பிறந்த தெரு அவர் கழுத்தில் அதை மாட்டியது. கிடைத்தது வீட்டுக்கு ஒருபிடி தானியம், கூடவே வாடா போடா. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி, வேண்டுமானால் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவியுங்கள் என்று தலைமைச் செயலாளர் கடிதம் அனுப்பினார். சரியான வேலை, தாமதமான வேலை. பழசெல்லாம் பொன் என்று பதிவு போடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். ஆனால் அந்த மனிதர் சும்மா இருந்தவரில்லை. கந்தாய அறிவிப்பு என்றால், ஊரில் யார் அதிகம் பாக்கி வைத்திருக்கிறார்களோ அந்தப் பெரிய வீட்டு வாசலில்தான் அதிக நேரம் நின்று அடிப்பார். அரசாங்க உத்தரவு, யாரும் வாய் திறக்க முடியாது. அந்த வாசலில் மட்டும் அவருக்கு வார்த்தை தடுமாறியதே இல்லை.

சரி, தலைப்புக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சுவரெழுத்து எழுத ஒரே ஒருவர். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அவரே. காலையில் ஒரு சின்னம், மதியம் அதே வாளியைக் கழுவிவிட்டு எதிர்ச் சின்னம். பொது இடங்களைச் சுவரெழுத்தால் அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959-லேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் தெரியும். அவருக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சட்டத்தையே நல்ல கொட்டை எழுத்தில் யாராவது வீட்டுச் சுவரில் எழுதிக் கொடுத்திருப்பார்.

கடைத்தெருவில் புதிதாக ஓர் உரக்கடை வந்தது. முதலாளி, பக்கச் சுவரில் 'இங்கு உரம் கிடைக்கும்' என்று எழுதச் சொன்னார். பெயிண்டருக்கு அன்று என்ன உற்சாகமோ, 'இங்கு' என்பதை ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டார். நிழல் கொடுத்து, ஓரம் கட்டி, அவ்வளவு அழகு. 'உரம்' அதே அளவு. 'கிடை' என்று எழுதியதும் சுவர் முடிந்துவிட்டது. அவர் கலங்கவில்லை. முனை திரும்பி, சந்துக்குள் இருக்கும் சுவரில் மீதியை எழுதினார்: 'க்கும்'.

மறுநாள் காலையில், ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்து நிலத்துக்கு உரம் சேர்க்கிற, அதாவது கிடை போடுகிற, இரண்டு கீதாரிகள் கடைவாசலில் நின்றார்கள். கிடை போட இடம் இருக்கிறதாமே, எத்தனை ஆடு, ராத்திரிக்கு என்ன கூலி என்று. முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மூட்டை உரத்தைக் காட்ட, இவர்கள் ஆட்டுப் புழுக்கையின் பெருமையைச் சொல்ல, அரைமணி நேரம் நடந்தது. முடிவில், உப்பைக் கொட்டி நிலத்தைக் கெடுக்கிற ஆள் எதற்குக் கிடை என்று எழுதிப் போட்டான் என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

அழிக்கச் சொன்னால் பெயிண்டர் திரும்பக் கூலி கேட்டார். முதலாளி தர மறுத்தார். இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள் என்பதால் எழுத்து அப்படியே நின்றுவிட்டது. சந்துச் சுவரில் 'க்கும்' மட்டும் தனியாக. அந்த வழியாகப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வது வழக்கமாயிற்று. பிறகு படிக்கத் தெரியாதவர்களும் செருமினார்கள். சந்தில் குடியிருந்தவர்கள் முதலில் கோபப்பட்டு, அப்புறம் யார் வருகிறார்கள் என்பதைச் செருமலை வைத்தே கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். சந்துக்குப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

உரக்கடை இப்போது இல்லை. அந்தச் சுவரும் இல்லை, அங்கே செல்போன் கடையின் பிளெக்ஸ் போர்டு. போன தீபாவளிக்குச் சித்தப்பா வீட்டுக்கு ஒரு பார்சல் அனுப்பினேன். டெலிவரி பையன் சாத்தூரைத் தாண்டி வந்து, வழி தெரியாமல் சித்தப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறான்.

"கடைத்தெரு வந்து, க்கும் சந்துன்னு கேளு தம்பி."

"சார், சரியாக் கேக்கல."

"க்கும் சந்து."

"தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க சார், நான் லைன்லயே இருக்கேன்."