நீரூற்று வைத்தால் ஊர் பிழைத்துவிடுமா?

ஒரு நகரம் நொடித்துப்போனால் போதும், மறுசீரமைப்பு என்று சொல்லி நடுச் சதுக்கத்தில் கருங்கல் தளம், நீரூற்று, வண்ண விளக்கு என்று பணத்தைக் கொட்டுகிறார்கள், ஆனால் இருட்டிய பிறகு அங்கிருந்து பக்கத்துக் கிராமத்துக்குப் போக ஒரு பேருந்து கிடையாது. எரிச்சலாக வருகிறது. கேட்டால் ஸ்பெயினின் பில்பாவோவைக் காட்டுவார்கள்: 1997-இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தார்கள், நகரமே மாறிவிட்டது பாருங்கள் என்று. சரி, அதற்கு முன்பே, 1995-இல், அங்கே மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டதே, நாறிக் கிடந்த ஆற்றைச் சுத்தம் செய்யப் பல வருடம் செலவழித்தார்களே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? கழிவுநீர்க் குழாய்க்கு ரிப்பன் வெட்ட முடியாது, அதனால்தான்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் மோசம். பின்தங்கிய ஊர்களைத் தூக்கிவிட என்று 480 கோடி பவுண்டில் லெவலிங் அப் நிதி கொண்டுவந்தார்கள், அதையும் உள்ளாட்சிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. நல்ல விண்ணப்பம் எழுத ஆளும் காசும் இல்லாத ஊர்தானே ஐயா நிஜமாகவே பின்தங்கிய ஊர்!

அப்புறம் கிராமம். அதே நாட்டில் 1963-இல் ரயில்வே வாரியத் தலைவர் பீச்சிங் கொடுத்த அறிக்கை, லாபமில்லை என்று 2,363 ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. ரயிலை எடுத்தார்கள், பல இடங்களில் பேருந்தும் போனது, பள்ளி போனது, இப்போது இளைஞர்கள் ஏன் ஊரில் தங்குவதில்லை என்று கருத்தரங்கம் நடத்துகிறார்கள். எதில் ஏறி வேலைக்குப் போவார்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.