வங்காநரிய விட்டுடுங்க
பொங்கல் நெருங்குனாலே எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கும். எங்க சேலம் மாவட்டத்துல வாழப்பாடி பக்கம் சில ஊர்கள்ல வங்காநரி ஜல்லிக்கட்டுன்னு ஒண்ணு நடத்துவாங்க, கரட்டுல வலை கட்டி நரிய புடிச்சு, கயிறு கட்டி கோயில் முன்னாடி ஓடவிட்டு, அப்புறம் காட்டுல கொண்டுபோய் விட்டுடுவாங்க. நரி முகத்துல முழிச்சா வெள்ளாமை செழிக்கும்ங்கற நம்பிக்கை. வனத்துறை எச்சரிக்குது, அபராதமும் போடுது, ஆனாலும் ஆசை போகல.

முதல்ல அது என்ன நரின்னே நம்மள்ல பாதிப்பேருக்குத் தெரியாது. ராத்திரில கூட்டமா ஊளையிடுதே அது வேற, அது ஓநாய்க்கு நெருங்குன சொந்தம், எட்டு பத்து கிலோ வரும். ரெண்டையும் குள்ளநரின்னு ஒரே பேர்ல கூப்புட்டு குழப்பிக்கிறோம். வங்காநரி ரெண்டுலேருந்து நாலு கிலோதான், வீட்டுப் பூனை சைஸு, கூர் மூஞ்சி, புசுபுசுன்னு வாலு, நுனி மட்டும் கருப்பு. சஹாராவுல இருக்கற பெரிய காது ஃபென்னெக் நரி, பனிக்காலத்துல வெள்ளையா மாறுற ஆர்க்டிக் நரி, லடாக்குல திரியுற செந்நரி எல்லாம் இதுக்கு பங்காளிங்க, இந்த வல்பஸ் பேரினத்துல மொத்தம் 12 வகை. அதுல நம்மது இந்தியத் துணைக்கண்டத்த விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது!

கரையான், வண்டு, வெட்டுக்கிளி, வயக்காட்டு எலி, இலந்தப்பழம், இதான் அதோட சாப்பாடு. எலிய தின்னு விவசாயிக்கு நல்லதுதான் பண்ணுது. அது வளை தோண்டி வாழற புல்வெளிய, முள்ளுக்காட்ட நாம தரிசுன்னு எழுதிவெச்சு ப்ளாட் போடறோம், மிச்சம் இருக்கறதுக்கும் தெருநாய்கிட்டேருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர்ங்கற வைரஸ் நோயும் தொத்திக்குது.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் அந்த மாசம்தான். மார்கழி தைல அதுங்க ஜோடி சேரும், அம்பது நாள் சினை, மாசி பங்குனில குட்டி. தைப்பொங்கலுக்கு வலைல மாட்டுறது சினை நரியா இருந்தா? பயத்துல அது என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 2022ல வனவிலங்குச் சட்டத்த திருத்துனப்ப புலி இருக்கற அதே முதல் அட்டவணைல இதையும் சேத்துட்டாங்க, சட்டப்படியும் கை வைக்கக் கூடாது.

முகத்துல முழிக்கணும்னா விடியக்காலைல கரட்டோரம் போய் தூரமா நில்லுங்க. நான் பாத்திருக்கேன். ஒரு பங்குனி மாசம், வளை வாசல்ல தாயும் ரெண்டு குட்டியும். எங்கப்பா பேசாதன்னு என் கைய அழுத்துனாரு, அதுங்க உள்ள போற வரைக்கும் பைக்க ஸ்டார்ட் பண்ணவே இல்ல.