பெண் பூச்சிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது

பூச்சிகளின் விந்தணுப் போட்டியைப் பற்றி எழுதும் பலரும் அதை ஆண்களுக்குள் நடக்கும் சண்டையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதிக் கதை அங்கேயே விடுபட்டுப் போகிறது. இதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு.

முதலில் அந்தச் சண்டையையே பார்ப்போம். பெரும்பாலான பெண் பூச்சிகள் விந்தணுவை உடலுக்குள் ஒரு பையில் சேமித்து வைத்து, முட்டையிடும்போது எடுத்துக்கொள்ளும். நடுவில் இன்னொரு ஆணோடும் சேர்ந்தால், இருவரின் விந்தணுவும் ஒரே பையில்; முட்டையைக் கருவுறச் செய்வது யாருடையது என்பதுதான் போட்டி. 1970இல் இங்கிலாந்தின் உயிரியலாளர் ஜெஃப் பார்க்கர் இதைத்தான் கையிலெடுத்தார். மஞ்சள் சாண ஈக்களில் கடைசியாகச் சேர்ந்த ஆணே சுமார் 80 சதவீத முட்டைகளுக்குத் தகப்பன்.

ஊசித்தட்டான் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வட அமெரிக்க ஓடைகளில் கறுப்புச் சிறகோடு திரியும் ஓர் இனத்தை ஜொனாதன் வாகே ஆராய்ந்து 1979இல் எழுதினார். ஆணின் உறுப்பு நுனியில் கொம்பு மாதிரி நீட்சிகள், அவற்றில் பின்னோக்கிய முட்கள். முந்தைய ஆணின் விந்தணுவை இவற்றால் வழித்து எடுத்துவிட்டுத்தான் தன்னுடையதைச் செலுத்துகிறது. சேர்ந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வழித்தெடுக்கவே போய்விடுகிறது. 88 முதல் 100 சதவீதம் வரை காலி! அப்புறம் பெண் முட்டையிடும்போது பக்கத்திலேயே காவல் வேறு.

பிரமிப்பாகத்தான் இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பை யாருடையது?

ட்ரோசோஃபிலா பைஃபர்கா என்றொரு பழ ஈ. சில மில்லிமீட்டர் உடம்புதான். அதன் ஒற்றை விந்தணுவின் நீளம் 5.8 செ.மீ., உடலைப் போல சுமார் 20 மடங்கு. நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கிறது. ஆண்களுக்குள் போட்டி மட்டும்தான் என்றால் பொடிப்பொடியாக, லட்சக்கணக்கில் உண்டாக்குவதுதானே லாபம்? எதற்கு இந்த நீளம்? விடை பெண்ணிடம் இருக்கிறது. விந்தணுவைச் சேமிக்கும் அதன் பை குழாய் வடிவம்; அந்தக் குழாய் விந்தணுவைவிடவும் நீளம்.

2002இல் மில்லரும் பிட்னிக்கும் இதைச் சோதித்தே காட்டினார்கள். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் சாதாரணப் பழ ஈக்களில், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, நீண்ட குழாயுள்ள பெண்களையும் குட்டைக் குழாயுள்ள பெண்களையும் உருவாக்கினார்கள். நீண்ட குழாய்க்குள் நீளமான விந்தணுவுக்கே கை ஓங்கியது. ஆக, எந்த விந்தணு தேறும் என்று பெண்ணின் உடலும் தீர்மானிக்கிறது. இதைத் துணைத் தகவலாக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பூச்சி இனங்களைப் பிரித்தறிய ஆணுறுப்பின் வடிவத்தைப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். அதனால் அவற்றை நுணுக்கமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். பெண்ணின் உள்ளுறுப்புகளுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. பாடநூல் எழுதுகிறவர்களே, ஊசித்தட்டானின் முட்களை வரையும்போது பக்கத்திலேயே பெண்ணின் சேமிப்புப் பையையும் அதே அளவில் வரையுங்கள்.